பற்றுச்சீட்டுப் பொறியும் எட்டு விசைகளும்

கடைக்குச் செல்கிறோம், பொருள் வாங்குகிறோம். கடைக்காரர் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் தருகிறார். அதில் உள்ள எண்ணை நம்பிப் பணம் கொடுக்கிறோம். கையால் எழுதிய சீட்டாக இருந்தால் ஒருமுறை கூட்டிப் பார்த்தவர்கள் கூட, பொறி அச்சிட்ட சீட்டைக் கண்டால் வாய் திறப்பதில்லை. "கம்ப்யூட்டர் பில் ஆயிற்றே, அதில் தவறு வருமா?" என்பதே இன்று ஊர்ப் பேச்சு.

தவறு வரும். கணினி கணக்கைச் சரியாகப் போட்டிருக்கும். அச்சுப்பொறியும் தனக்குத் தெரிந்தவாறு சரியாகவே அச்சிட்டிருக்கும். ஆயினும் சீட்டில் பிழை இருக்கும். இஃது எவ்வாறு? விடை அச்சுப்பொறியின் அடிப்பக்கத்தில், ஒரு சிறு மூடிக்குள்ளே, அரிசி மணியளவில் வரிசையாக நிற்கும் விசைகளில் இருக்கிறது. கடைத்தெருவில் இவற்றை 'டிப் சுவிட்ச்' என்பார்கள். பெரும்பாலும் ஒரு வரிசைக்கு எட்டு. இவற்றைப் பற்றித் தமிழில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் ஊர் மாட்டுச் சந்தையை நினைத்துக் கொள்ளுங்கள். தரகர் இருவர் ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கைகோத்து, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். வாய் பேசாது, விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் நூறா, ஆயிரமா? அதை விரல் சொல்லாது. இருவரும் முன்பே செய்துகொண்ட உடன்பாடு சொல்லும். ஒருவர் ஆயிரம் என்று நினைத்துப் பிடிக்க, மற்றவர் நூறு என்று கொண்டால், இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பேரம் பொய்த்துவிடும். கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே நடப்பதும் இத்தகைய துண்டுக்குள் பேரந்தான். அந்த உடன்பாட்டை எழுதி வைத்திருக்கும் இடமே எட்டு விசைகள்.

இந்தப் பேரத்தைக் காண்பதற்கு மட்டாஞ்சேரியை விடப் பொருத்தமான இடம் நமக்கு அருகில் இல்லை. பஜார் ரோட்டில் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் ஒரே திண்ணையில் விலை பேசுகின்றன. யூதத் தெருவில் 1957 முதல் மிளகின் முன்பேர வணிகம் குரலெழுப்பிக் கூவியே நடந்து, பின்னாளில் கணினிக்கு மாறியது. இன்று அரிசி மண்டியிலும் பலசரக்குக் கடையிலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொறி உட்கார்ந்து சீட்டுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஜப்பானின் எப்சன், சென்னையின் டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் முதலிய நிறுவனங்களின் பொறிகளும், சீனாவில் செய்த பல பொறிகளும் கடைகளில் உண்டு.

'டிப்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இரு பக்கமும் வரிசையாகக் கால்கள் கொண்ட மின்னணுச் சில்லின் உறைக்கு அப்பெயர். அவ்வமைப்பு 1964இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் உருவாயிற்று. அதே அளவில், அதே துளைகளில் பொருந்துமாறு செய்த விசைத்தொகுதி 'டிப் சுவிட்ச்' ஆயிற்று. ஒவ்வொரு விசைக்கும் இரண்டே நிலைகள். ஆகவே எட்டு விசைகளால் 256 வகையான உடன்பாடுகளைக் குறிக்கலாம்.

இனி, விசைகள் ஒவ்வொன்றும் எதைக் கேட்கின்றன என்று பார்ப்போம். எப்சன் நிறுவனத்தின் டிஎம்-யு220 என்னும் ஊசி அச்சுப்பொறியைச் சான்றாகக் கொள்வோம். தொடர்முறைக் கம்பி வழியாகக் கணினியோடு இணையும்போதுதான் இவ்விசைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேலை. அக்கம்பியின் ஆர்.எஸ். 232 என்னும் நெறி 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளைக் கடந்தும் கடைகளில் அஃது இன்னும் உயிரோடிருக்கிறது.

அக்கம்பியில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வோர் எழுத்தும் ஒன்று, சுழி என்னும் 'பிட்'டுகளாகப் பிரிந்து செல்கின்றன. அவை எவ்வளவு விரைவில் வருகின்றன என்பதே முதல் உடன்பாடு. இப்பொறியின் ஏழாம் விசை நொடிக்கு 4800 பிட்டா, 9600 பிட்டா என்று தீர்மானிக்கிறது. 9600 என்றால், நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஏறக்குறைய 104 பங்கு நேரமே ஒரு பிட் நிலைத்து நிற்கும். கணினி அந்த விரைவில் அனுப்ப, பொறி பாதி விரைவில் படித்தால் என்ன ஆகும்? இரண்டு பிட்டுகள் கடக்கும் நேரத்தில் அஃது ஒன்றைத்தான் படிக்கும். சீட்டில் பேய் எழுத்துகள் வரும். "பொறி கெட்டுவிட்டது" என்று கடைக்காரர் தலையில் கை வைப்பார். பொறி கெடவில்லை, உடன்பாடுதான் கெட்டது.

நான்காம் விசை ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டா, எட்டு பிட்டா என்று கேட்கிறது. 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீடு ஏழு பிட்டுகளால் ஆனது. ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் அது போதும். அதற்கு அப்பாலுள்ள எழுத்துகள் வேண்டுமானால் எட்டாவது பிட் வேண்டும். இதனை நினைவில் வைத்திருங்கள். தமிழைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் இங்கு வருவோம்.

ஐந்தாம், ஆறாம் விசைகள் 'பாரிட்டி' என்னும் காவலுக்கு உரியவை. ஐந்தாவது, காவல் வேண்டுமா என்று கேட்கிறது. ஆறாவது, இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று கேட்கிறது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 5 என்னும் எண்ணின் ஆஸ்கி குறியீடு 0110101. இதில் நான்கு ஒன்றுகள் உள்ளன, நான்கு இரட்டைப்படை. வழியில் ஏதோ மின் இடையூற்றால் ஒரே ஒரு பிட் மாறி 0110001 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். அது 1 என்னும் எண்ணின் குறியீடு. 500 ரூபாய்ச் சரக்கு 100 ரூபாய் என்று சீட்டில் வந்துவிடும்! ஆனால் இரட்டைப்படைக் காவல் இருந்தால், ஒன்றுகள் மூன்றாகிவிட்டதைக் கண்டு பொறி பிழையை உணர்ந்துகொள்ளும். இரண்டு பிட்டுகள் சேர்ந்து மாறினால் இக்காவல் ஏமாறும் என்பதும் உண்மையே. எனினும் காவலே இல்லாமைக்கு இது மேல்.

பிழையை உணர்ந்த பின் பொறி என்ன செய்ய வேண்டும்? இதைக் கேட்பது முதலாம் விசை. ஒரு நிலையில், பிழையுள்ள எழுத்தைப் பொறி சத்தமின்றி விழுங்கிவிடும். மற்ற நிலையில், அவ்விடத்தில் ஒரு கேள்விக்குறியை அச்சிடும். இவற்றுள் எது நல்லது? விழுங்கிவிட்டால் சீட்டு அழகாக இருக்கும். ஆனால் ஓர் இலக்கம் மறைந்திருப்பது ஒருவருக்கும் தெரியாது. கேள்விக்குறி வந்தால் சீட்டு அசிங்கமாக இருக்கும். ஆனால் வாங்குகிறவர் கண்ணில் படும், கேட்பார், பிழை திருந்தும். பணக் கணக்கில் எனக்குத் தெரியாது என்று சொல்லும் பொறியே நேர்மையான பொறி. ஆகவே கேள்விக்குறி நிலையிலேயே இவ்விசை இருத்தல் நன்று.

இரண்டாம் விசையும் மூன்றாம் விசையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. 9600 விரைவில், தொடக்கப் பிட்டையும் முடிவுப் பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்குப் பத்து பிட் ஆகிறது. ஆகவே நொடிக்கு 960 எழுத்துகள் வருகின்றன. டிஎம்-யு220 நொடிக்கு ஏறக்குறைய 4.7 வரி அச்சிடும்; வரிக்கு 40 எழுத்து என்றால் நொடிக்கு 188 எழுத்துகள். வரவு 960; செலவு 188! எஞ்சியவை எங்கே போகும்? அவற்றைத் தேக்கி வைக்கப் பொறிக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. அது 4096 எழுத்துகள் கொள்வதா, வெறும் 40 எழுத்துகள் கொள்வதா என்று இரண்டாம் விசை முடிவு செய்கிறது. எவ்வளவு பெரிய குளமானாலும் மடை திறந்தே இருந்தால் நிரம்பும் அல்லவா? நிரம்பும்போது, "போதும், நிறுத்து" என்று பொறி கணினிக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதே மூன்றாம் விசையின் உடன்பாடு. தனிக் கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை மாற்றிச் சைகை காட்டுவது ஒரு முறை. 19 என்னும் எண்ணை அனுப்பி "நிறுத்து" என்றும், 17 என்னும் எண்ணை அனுப்பி "தொடங்கு" என்றும் சொல்வது மற்றொரு முறை.

இந்த மூன்றாம் விசை ஒரு மனிதரின் மானத்தோடு விளையாடியதை நான் நேரில் கண்டேன். மட்டாஞ்சேரியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கல்லாவில் இருப்பவர் விருதுநகர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொச்சியில் இருப்பவர். ஓணத்துக்கு முந்திய நாட்களில், இரண்டு மேசைகளிலிருந்து சீட்டுகள் ஒரே பொறிக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்த வேளையில், சில சீட்டுகளில் நடு வரிகள் விடுபட்டன. மொத்தத் தொகை மட்டும் சரியாக வந்தது. வாங்கியவர்கள் வரிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டுத்தொகை குறைவாகவும், கேட்ட தொகை மிகுதியாகவும் இருந்தன. கூட்டத்தின் நடுவே ஒருவர், "தமிழன் கணக்கில் கை வைக்கிறான்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். மாலையில் அவரைப் பார்த்தபோது அண்ணாச்சி, "தம்பி, பொட்டி பொய் சொல்லுது, பழி எம்மேல விழுது" என்று மட்டும் சொன்னார்.

பொறி தன்னிலையைத் தானே அச்சிட்டுக் காட்டச் செய்தோம். அது 19, 17 என்னும் எண்முறையில் இருந்தது. கணினியோ கம்பிச் சைகையை எதிர்பார்த்துக் கொண்டிருந்தது. பொறி "நிறுத்து, நிறுத்து" என்று எண்ணை அனுப்பிக் கத்தியிருக்கிறது. கணினி அந்த மொழியைக் கேட்கவே இல்லை. கடையில் பழைய கணினியை மாற்றிப் புதியது வைத்தார்கள், விசையை மாற்றவில்லை. கூட்டமில்லாத நாட்களில் தேக்கம் நிரம்பாததால் குறையும் தெரியவில்லை. புதிய பொறி வாங்கத்தான் வேண்டும் என்று முன்பே ஒருவர் சொல்லிப் போயிருந்தார். ஒரு பல் குத்தும் குச்சியால் ஒரே ஒரு விசையைத் தள்ளியதோடு குறை தீர்ந்தது. மறுநாள் முதலாளி, பழி சொன்னவர் கடைக்கு வந்தபோது, விடுபட்ட வரிகளோடு முழுச் சீட்டையும் மீண்டும் அச்சிட்டு அவர் கையில் கொடுத்தார். அதைக் கொடுத்தபோது அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார்.

இப்போது பெருகிவரும் 80 மில்லிமீட்டர் வெப்ப அச்சுப்பொறிகளில் விசைகளின் பொருள் வேறு. பலவற்றில் தாள் வெட்டும் கத்தி வேண்டுமா, மணி ஒலிக்க வேண்டுமா, அச்சு கருமையாக வேண்டுமா என்பன போன்றவை முதல் விசைகளுக்கு உரியன. வரிக்கு 42 எழுத்தா, 48 எழுத்தா என்பதற்கு ஒரு விசை உண்டு. இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? ஓர் எழுத்து 12 புள்ளி அகலம். வரிக்கு 576 புள்ளி இருந்தால் 48 எழுத்து. 512 புள்ளி இருந்தால் 42 எழுத்து. கணினி 48 என்று எண்ணி அனுப்ப, பொறி 42 என்று கொண்டால், வரியின் கடைசியிலுள்ள விலை உடைந்து அடுத்த வரிக்கு ஓடிவிடும். 1250 என்பது 12 என்றும் 50 என்றும் இரண்டாகப் பிளந்து நிற்கும் வேடிக்கையைப் பார்க்கலாம்.

அவற்றுள் இன்னொரு விசை, இரண்டு பைட் சேர்ந்து ஓர் எழுத்தா என்று கேட்கிறது. இது சீன எழுத்துக்கான ஏற்பாடு. அவ்விசை சீனத்துக்கு உரிய நிலையில் இருந்தால், 128க்கு மேற்பட்ட எண்களை எல்லாம் பொறி இரண்டிரண்டாகச் சேர்த்துச் சீன எழுத்தைத் தேடும். சீனவலை கட்டிய ஊரில் சீனச் சீட்டும் வருவது இப்படித்தான்!

இப்போது தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்து, உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடில் 1991 முதல் இடம் பெற்றுள்ளது. வழக்கமான யூ.டி.எஃப்.-8 முறையில் 'க' என்னும் ஓர் எழுத்து 224, 174, 149 என மூன்று பைட்டுகளாகச் செல்கிறது. பழைய அமெரிக்க எழுத்துப் பட்டியலை வைத்திருக்கும் பொறி இதைப் பெற்றால், கிரேக்க 'ஆல்பா', ஒரு மேற்கோள் குறி, தலையில் கோடிட்ட 'ஓ' என மூன்று எழுத்துகளை அச்சிடும். ஏழு பிட் விசையில் இருந்தால் எட்டாவது பிட் வெட்டுப்பட்டு, ஒவ்வோர் எண்ணிலும் 128 குறைந்து, 96, 46, 21 ஆகிவிடும். முன்னது ஒரு சாய்ந்த ஒற்றைக்குறி; அடுத்தது ஒரு புள்ளி; மூன்றாவது அச்சாகவே ஆகாது. 'க' எங்கே போயிற்று? வழியிலேயே அதன் தலையை வெட்டிவிட்டார்கள்.

அப்படியானால் தமிழில் சீட்டு அச்சிட முடியாதா? முடியும். எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்ப வேண்டும். கணக்கைப் பாருங்கள். வரிக்கு 576 புள்ளி என்றால் ஒரு புள்ளி வரிசைக்கு 72 பைட். எழுத்தின் உயரம் 24 புள்ளி என்றால் ஒரு வரிக்கு 72 × 24 = 1728 பைட். அதே வரி ஆங்கிலத்தில் 48 பைட்டில் முடிந்துவிடும். தமிழ் வரி 36 மடங்கு பெரிது. 9600 விரைவில் ஒரு தமிழ் வரி வந்து சேர 1.8 நொடி, இருபது வரிச் சீட்டுக்கு 36 நொடி. வரிசையில் நிற்பவர் பொறுப்பாரா? "தமிழ் வேண்டாம், ஆங்கிலமே போதும்" என்று கடைக்காரர் விட்டுவிடுவார். மலையாளத்துக்கும் இதே கதிதான்.

ஆனால் விரைவு விசையை 115200 என்னும் நிலைக்கு மாற்றக்கூடிய பொறியாக இருந்தால், அதே வரி 0.15 நொடியில் வந்துவிடும். முழுச் சீட்டுக்கும் மூன்று நொடி. யூ.எஸ்.பி. கம்பியானால் இன்னும் விரைவு. ஆகவே "பொறி தமிழுக்கு இடந்தராது" என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இடந்தராதது பெரும்பாலும் பொறியன்று. விசையின் நிலையும், அதைத் தொடத் தயங்கும் நம் கையுமே.

ரூபாய்க் குறியின் கதையும் இதற்குச் சான்று. தமிழராகிய உதயகுமார் வரைந்த அக்குறியை 2010 ஜூலை 15இல் இந்திய அரசு ஏற்றது. அவ்வாண்டே அது யூனிகோடிலும் சேர்ந்தது. ஆயினும் அதற்கு முன் செய்த பொறிகளின் எழுத்துப் பட்டியலில் அக்குறி இல்லை. அதனால்தான் பல சீட்டுகளில் இன்னும் பழைய ஆங்கிலச் சுருக்கமே நிற்கிறது. அங்கும் வழி, படமாக அனுப்புவதே.

விசையை மாற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பொறியின் வாயால் அதன் நிலையைக் கேளுங்கள். பல பொறிகளில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தாள் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரத்தைப் போட்டால், அது தன் அமைப்பைச் சீட்டாக அச்சிடும். அச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, கணினியில் அமைத்துள்ள விரைவு, பிட் எண்ணிக்கை, காவல், நிறுத்தச் சொல்லும் முறை ஆகியவற்றை அச்சீட்டோடு ஒப்பிடுங்கள். முரண்பாடு எங்கே என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைப் பிடுங்கிய பின்னரே மூடியைத் திறங்கள். மாற்றுமுன் விசைகளை ஒரு புகைப்படம் எடுங்கள். மரக்குச்சியாலோ, முனை மெல்லிய இடுக்கியாலோ தள்ளுங்கள். பென்சில் கூடாது, அதன் கரி மின்சாரத்தைக் கடத்தும், அதன் தூள் உள்ளே விழுந்தால் தொல்லை. 'ஆன்' என்று பொறித்துள்ள பக்கம் எது என்று பார்த்துத் தள்ளுங்கள்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யுங்கள். மின்சாரம் வரும்போதுதான் பொறி விசைகளைப் படிக்கும்; ஆகவே மீண்டும் போட்டு, மீண்டும் நிலைச்சீட்டை எடுத்துச் சரிபாருங்கள். பொறிக்குப் பொறி விசையின் பொருள் மாறும் என்பதையும் மறவாதீர்கள். அதற்குரிய கையேடோ, அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையோ சொல்வதே முடிவு.

நண்பர்களே! நாம் படிப்பது அறிவியல். அதில் ஒரு பகுதியேனும் நாம் வாழும் ஊரின் தெருவுக்குப் பயன்பட வேண்டும். மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மவர் பலர். மலையாளத் தோழர்களும் பலர். அடுத்தமுறை அவர்கள் கடையில் சீட்டு பிழையாக வந்தால், பொறியையும் பழிக்க வேண்டாம், ஆளையும் பழிக்க வேண்டாம். நிலைச்சீட்டு ஒன்றை எடுங்கள். சரியான விசைநிலையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாளில் எழுதி, பொறியின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுங்கள். கணினி மாறினாலும், வேலையாள் மாறினாலும், அந்த உடன்பாடு அங்கே எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.